மின் சக்கர நாற்காலிக்கு மாற்று பேட்டரி: ஏழு ஆண்டு அனுபவம்

முதுகுத்தண்டில் அடிபட்ட நாளிலிருந்து, ஏழு ஆண்டுகளாக மின் சக்கர நாற்காலியில்தான் என் நடமாட்டம். இருக்கைக்கு அடியில் 12 வோல்ட், 35 ஏ.எச். (ஆம்பியர்-அவர், அதாவது பேட்டரியின் கொள்ளளவு) பேட்டரிகள் இரண்டு தொடராக இணைந்து 24 வோல்ட் தருகின்றன. நாற்காலியோடு வந்த ஜோடி இரண்டரை ஆண்டுகள் உழைத்தது. அதை மாற்றும்போதுதான் தவறு செய்தேன். கடையில் காட்டிய பேட்டரியிலும் அதே வோல்ட், அதே ஏ.எச்., அதே அளவு. விலையோ ஏறக்குறைய பாதி. நம்பி வாங்கிவிட்டேன்.

ஏழாம் மாதம், மேம்பாலம் ஏறும்போது நாற்காலி பாதியில் நின்றுவிட்டது. ஒரு மாதமாகவே அறிகுறி இருந்தது. ஏற்றத்தில் சார்ஜ் அளவைக் காட்டும் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்து சிவப்புக்கு வரும். சமதளத்தில் இரண்டு நிமிடம் நின்றால் மறுபடியும் பச்சை எரியும். பேட்டரி தேறிக்கொண்டது என்றே நினைத்திருந்தேன். சுமை ஏறியதும் வோல்ட்டேஜ் இப்படிச் சரிவதுதான் பேட்டரி தளர்ந்துவிட்டதன் முதல் அடையாளம் என்பது எனக்குத் தெரியவில்லை. (சரிவில் நின்றுவிட்டால், யாராவது பின்னால் உறுதியாகப் பிடித்துக்கொண்ட பிறகே சக்கரங்களை மோட்டாரின் பிடியிலிருந்து விடுவிக்கும் லீவரைத் தொட வேண்டும், அன்று உதவிக்கு ஓடிவந்த இளைஞர்களிடம் முதலில் அதைத்தான் சொன்னேன்.)

நான் வாங்கியது யு.பி.எஸ்ஸுக்கான பேட்டரி. எப்போதாவது மின்சாரம் போகும்போது மட்டும் உழைப்பதற்காகச் செய்யப்பட்டதை, நாள்தோறும் ஆழமாக வடித்து மறுபடி நிரப்பும் வேலைக்கு வைத்தால் அது தாங்காது. நமக்குத் தேவை டீப் சைக்கிள் வகை. அதில் அமிலத்தைக் கூழாக்கி வைத்த ஜெல்லும் உண்டு, அமிலத்தைக் கண்ணாடி இழை விரிப்பில் ஊறவைத்த ஏ.ஜி.எம்மும் உண்டு. ஏ.எச். எண்ணை மட்டும் நம்புவதும் சரியல்ல. 35 ஏ.எச். என்பது பொதுவாக 20 மணி நேரக் கணக்கு, அதாவது 1.75 ஆம்பியர் வீதம் மெதுவாக எடுத்தால் கிடைப்பது. நாற்காலி அதைப்போலப் பல மடங்கு இழுப்பதால் கையில் கிடைப்பது குறைவே.

அடுத்த முறை வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரோடு கடைக்குப் போனேன். உற்பத்தித் தேதியைக் கேட்டேன். சார்ஜ் ஏற்றாமல் மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த பேட்டரி புதிதாகத் தோன்றினாலும் உள்ளே தட்டுகளில் சல்பேட் படிந்திருக்கும். 12.5 வோல்ட்டுக்குக் கீழே காட்டியதை ஒதுக்கிவிட்டு, ஒரே தேதியிட்ட இரண்டு ஜெல் பேட்டரிகளை 12.8 வோல்ட்டில் எடுத்தேன். பழையது ஒன்றோடு புதியது ஒன்றைச் சேர்த்தால் பலவீனமானது அளவுக்கு மீறி வடிந்து, நல்லதையும் கெடுத்துவிடும். சார்ஜரை ஜெல்லுக்குரிய அமைப்புக்கு மாற்றினேன், ஏ.ஜி.எம்முக்கான சற்று உயர்ந்த வோல்ட்டேஜ் ஜெல்லைச் சேதப்படுத்தும். தெருமுனை வரை போய் வந்த நாளிலும் இரவில் சார்ஜ் போடத் தவறுவதில்லை. வெயிலில் நிறுத்துவதையும் விட்டுவிட்டேன்.

லித்தியம் எடை குறைவு என்று பலரும் சொல்கிறார்கள். ஆனால் அதற்கேற்ற சார்ஜர் வேண்டும். இறக்கத்தில் மோட்டார் திருப்பி அனுப்பும் மின்சாரத்தை அதன் பாதுகாப்புச் சுற்று ஏற்காமல் துண்டித்துவிட்டால் நாற்காலி திடீரென நின்றுவிடும். ஆகவே நாற்காலித் தயாரிப்பாளர் ஒப்புதல் தராமல் நான் மாற்ற மாட்டேன்.

அந்த ஜெல் ஜோடி நான்காம் ஆண்டை முடிக்கப்போகிறது. சென்ற வாரம் சார்ஜரைக் கழற்றி இரண்டு மணி நேரம் கழித்து அளந்தபோது ஒன்று 12.8, மற்றொன்று 12.3 காட்டியது. நாற்காலி இன்னும் நன்றாகத்தான் ஓடுகிறது. இருந்தாலும் இரண்டுக்கும் சேர்த்தே ஆர்டர் கொடுத்துவிட்டேன்.