பூனைக்குப் பூஞ்சை நோய்: இட்ராகொனசோலா, ஃப்ளுகொனசோலா?

தர்மபுரிப் பக்கத்து ஓட்டு வீடுகளில் பரணில் புறா எச்சம் காய்ந்து கிடப்பது சாதாரணம். அந்தத் தூசியோடு கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை பூனையின் மூக்குக்குள் போகலாம். ஓயாத தும்மல், சளி, அப்புறம் மூக்குத்தண்டில் வீக்கம். சோதனையில் உறுதியானால் டாக்டர் பெரும்பாலும் இட்ராகொனசோல், ஃப்ளுகொனசோல் என்ற இரண்டு பூஞ்சை மருந்துகளில் ஒன்றை எழுதுவார். எதுவானாலும் மாதக்கணக்கில் ஓடும். தும்மல் நின்றதென்று பாதியில் விட்டால் திரும்பி வரும்.

நோய் மூளைக்கோ கண்ணுக்கோ ஏறியிருந்தால் என் ஓட்டு ஃப்ளுகொனசோலுக்குத்தான். அது அங்கே நன்றாகப் போய்ச் சேரும், இட்ராகொனசோல் அவ்வளவாகச் சேராது. ஃப்ளுகொனசோலை வெறும் வயிற்றிலும் கொடுக்கலாம். சோற்றையே முகர்ந்துவிட்டுத் திரும்பும் பூனைக்கு இது பெரிய வசதி. சிறுநீரில் வெளியேறும் மருந்து என்பதால், கிட்னி பழுதான கிழட்டுப் பூனைக்கு மட்டும் அளவைக் குறைக்க வேண்டும்.

இட்ராகொனசோல் காப்ஸ்யூலைச் சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும். திறந்தால் உள்ளே குட்டிக் குட்டி மணிகள், மீன்சோற்றில் தூவிவிடலாம். கூடவே அசிடிட்டி மாத்திரை ஓடினால் உடம்பில் சரியாக ஏறாது. பசி மந்தம், வாந்தி வரலாம். ஈரல் பாதிப்பு இரண்டிலும் உண்டு, இதில் கொஞ்சம் கூடுதல். இடையிடையே ரத்தப் பரிசோதனை தேவை.

நாய்க்கோ பூனைக்கோ வந்திருப்பது ஆஸ்பெர்ஜில்லஸ் என்ற வேறொரு பூஞ்சை என்றால் பேச்சே வேறு. அதனிடம் ஃப்ளுகொனசோல் எடுபடாது.