ஜீப் பிரேக் செட்டிங்: கேமை மட்டும் திருப்பினால் போதுமா, ஆங்கரையும் தொட வேண்டுமா?

விலீஸ் எம்பி, ஃபோர்டு ஜிபிடபிள்யூ இரண்டும் அமெரிக்க ராணுவக் கணக்கில் கால் டன் டிரக்தான், நாம்தான் ஜீப் என்கிறோம். 1941லிருந்து 1945 வரை ஆறு லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளினார்கள், அதில் உயிரோடு இருப்பவற்றில் பாதிக்கு மேல் இன்றைக்கு யாரோ ஒருவர் வீட்டு ஷெட்டில்தான் நிற்கும் என்று நினைக்கிறேன். அந்த வண்டியின் பிரேக்கை வீட்டிலேயே செட் பண்ண நான்கு வழி புழக்கத்தில் இருக்கிறது. பிரேக் ஷூவின் (டிரம்மில் உரசி நிறுத்தும் வளைந்த கட்டை) மேல்முனையை நகர்த்தும் கேமை மட்டும் திருப்புவது, கீழ்முனையை நகர்த்தும் ஆங்கரையும் சேர்த்துக் கைக்கணக்கில் திருப்புவது, டிரம்மில் ஜன்னல் வழியாக ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகடு) விட்டுப் பார்ப்பது, ஹப்பைக் கழற்றி அளவுகோல் வைத்து ஷூவை நிறுத்துவது. என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஒரு தடவை மூன்றாவதோ நான்காவதோ செய்துவிட்டு, அதன் பிறகு ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் தேயும் வரை முதலாவதை மட்டும் செய்ய வேண்டும். இரண்டாவது வழியைத்தான் பெரும்பாலானவர்கள் செய்கிறார்கள், எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை, ஏன் என்று கீழே வருகிறேன்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடலாம். 9 அங்குல டிரம். மேலே ஷூக்களைத் தள்ளும் வீல் சிலிண்டர், முன் சக்கரத்துக்கு 1 அங்குலம், பின் சக்கரத்துக்கு முக்கால் அங்குலம். கீழே இரண்டு ஆங்கர் பின், ஒவ்வொரு ஷூவும் தன் ஆங்கரைச் சுற்றித்தான் விரிகிறது. அந்த ஆங்கர் பின் நேர் உருளை இல்லை, கொஞ்சம் மையம் விலக்கிக் கடைந்தது, அதனால் திருப்பினால் ஷூவின் கீழ்முனை டிரம்மை நோக்கி நகரும் அல்லது விலகும். ஷூவின் மேல்பாதிக்குப் பக்கத்தில் பேக் பிளேட்டில் ஒரு கேம், அதைத் திருப்பினால் மேல்முனை நகரும். அதாவது ஒரு ஷூவுக்கு இரண்டு செட்டிங், ஒரு சக்கரத்துக்கு நான்கு, வண்டிக்கு மொத்தம் 16. இந்த எண்ணிக்கைதான் எல்லாத் தகராறுக்கும் காரணம்.

எந்த வழியில் போனாலும் சில வேலைகளை முன்னாலேயே முடித்துவிட வேண்டும். வீல் பேரிங் ஆடினால் டிரம்மும் ஆடும், அப்போது எந்த இடைவெளியை அளந்தாலும் பொய்தான் கிடைக்கும், ஆகவே முதலில் பேரிங். பெடலில் அரை அங்குலம் சும்மா அமுங்க வேண்டும், அது இல்லையென்றால் பெடல் அழுத்தும் மாஸ்டர் சிலிண்டர் முழுதாகத் திரும்பி வராது, ஆயில் அடைபட்டு நின்று பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும், நீங்கள் கேமைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள். பழைய ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கியிருந்தாலும் இதே கூத்துதான்.

அப்புறம் ஜாக்கி விஷயம். எம்பியின் ஹேண்ட் பிரேக் சக்கரத்தில் இல்லை, டிரான்ஸ்ஃபர் கேஸின் (முன், பின் ஆக்ஸிலுக்கு விசையைப் பிரித்துத் தரும் பெட்டி) பின்பக்கம் இருக்கிறது, அது பிடிப்பது அங்கிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டை. ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கினால், ஹேண்ட் பிரேக் இழுத்திருந்தாலும் டிஃபரென்ஷியல் வழியாகத் தூக்கிய சக்கரம் ஒரு பக்கம் சுற்ற, தரையில் இருக்கும் சக்கரம் மறுபக்கம் உருளும். வண்டி நகர்ந்து ஜாக்கியிலிருந்து இறங்கிவிடும். எப்படியும் பின் பிரேக் செட் பண்ணும்போது சக்கரம் சுற்ற வேண்டும் என்பதால் ஹேண்ட் பிரேக்கை விட்டுத்தான் வைத்திருப்பீர்கள். ஆகவே முன் சக்கரங்களுக்கு இரண்டு பக்கமும் கட்டை, ஆக்ஸிலுக்கு அடியில் ஸ்டாண்டு, இதில் சமரசமே வேண்டாம். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்பு உண்டு, டிரம்முக்குள் ஏர் அடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

சரி, முதல் வழி. சக்கரத்தைத் தூக்கி, பேக் பிளேட்டின் பின்னால் கேமின் லாக் நட்டைத் தளர்த்தி, சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே ஷூ டிரம்மில் உரசும் வரை கேமைத் திருப்பி, பிறகு உரசல் நிற்கும் வரை கொஞ்சம் பின்வாங்கி, கேம் கூடவே சுற்றிவிடாமல் இன்னொரு ஸ்பேனரால் பிடித்துக்கொண்டு நட்டை இறுக்க வேண்டும். அடுத்த ஷூவுக்கும் அதே. நான்கு சக்கரமும் ஒரு காலைப் பொழுதில் முடிந்துவிடும், எதையும் கழற்ற வேண்டியதில்லை. லைனிங் தேய்மானத்தை ஈடுகட்ட இதுதான் சரியான வழி, ராணுவக் கையேடும் சின்னச் சரிசெய்தல் என்று சொல்வது இதைத்தான்.

ஆனால் ஆங்கர் ஏற்கெனவே சரியாக இருந்தால் மட்டும்தான் இது செல்லும். கேம் நகர்த்துவது மேல்முனையை மட்டும். கீழ்முனை டிரம்மிலிருந்து விலகி நிற்கிறது என்று வையுங்கள், நீங்கள் கேமைத் திருப்பி மேல்முனையை உரச வைத்துவிட்டு வேலை முடிந்தது என்று நினைப்பீர்கள். பெடலை மிதித்தால் முதலில் மேல்முனை போய் முட்டும், அப்புறம் ஷூ வளைந்து கொடுத்து மிச்ச லைனிங் டிரம்மைத் தொடும். அந்த வளைவுதான் காலுக்குப் பஞ்சு மாதிரித் தெரிகிறது. உடனே எல்லோரும் லைனில் ஏர் இருக்கிறது என்று ஆரம்பித்துவிடுவார்கள். பாட்டில் பாட்டிலாக ஆயில் ஊற்றி ஏர் எடுத்துக்கொண்டே இருப்பார்கள், ஒரு குமிழிகூட வராது, பெடல் மட்டும் அப்படியே இருக்கும். பழைய ஜீப்பில் பெடல் பஞ்சு என்று வரும் புகார்களில் பல ஏரே இல்லை, ஆங்கர்தான் என்பது என் அபிப்பிராயம். வேறுபாடு கண்டுபிடிக்க ஒரு சுலபமான சோதனை உண்டு: கேம்களை முழுதாக வெளியே திருப்பி எல்லா ஷூவையும் டிரம்மோடு இறுக்கிப் பூட்டிவிட்டுப் பெடலை மிதித்துப் பாருங்கள். இப்போதும் பஞ்சு என்றால் ஏராகவோ ஷூ வளைவாகவோ இருக்கலாம். ஒவ்வொரு மிதிக்கும் பெடல் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறினால் பெரும்பாலும் ஏர், எத்தனை மிதித்தாலும் அதே உயரத்தில் அதே பஞ்சு என்றால் ஷூ பக்கம் போங்கள்.

இரண்டாவது வழி, அதாவது ஆங்கரையும் சேர்த்துக் கைக்கணக்கில் செய்வது. கேமைப் பின்வாங்கி, ஆங்கரின் லாக் நட்டைத் தளர்த்தி, கீழ்முனை உரசும் வரை ஆங்கரைத் திருப்பி, கொஞ்சம் விட்டு, பிறகு கேமைத் திருப்பி, மறுபடி ஆங்கர், மறுபடி கேம் என்று மாற்றி மாற்றிப் போவது. காசு செலவில்லை, ஹப்பைக் கழற்ற வேண்டாம், கீழே படுத்துக்கொண்டே செய்யலாம் என்பதால் இதற்கு நல்ல செல்வாக்கு. காது பழகிய மெக்கானிக் ஒருவர் இதை அழகாகச் செய்வார், மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் செய்கிற நமக்கு, கேட்கிற உரசல் மேல்முனையா கீழ்முனையா நடுவா என்று எப்படித் தெரியும்? புது லைனிங் என்றால் நடு வயிறு மட்டும் உரசும், அதைக் கீழ்முனை என்று நினைத்து ஆங்கரைப் பின்வாங்கினால் நிலைமை இன்னும் மோசம். பின் சக்கரத்தில் இன்னொரு குழப்பம், டிஃபரென்ஷியலும் ஷாஃப்டும் கூடவே சுற்றுவதால் கியர் ஆயிலின் இழுவையே பிரேக் உரசல் மாதிரி இருக்கும். இதற்கு எம்பியில் ஒரு வசதி இருக்கிறது, பின் ஆக்ஸில் முழு மிதவை வகை, ஹப் முகப்பில் இருக்கும் ஆறு போல்ட்டைக் கழற்றி ஆக்ஸில் ஷாஃப்டை வெளியே இழுத்துவிட்டால் சக்கரம் பேரிங் மேல் தனியாகச் சுற்றும். இந்த வழியில் போகிறவர்கள் குறைந்தபட்சம் இதையாவது செய்யுங்கள்.

மூன்றாவது வழியில் ஃபீலர் கேஜ். கையேடு சொல்லும் அளவு கீழ்முனையில் 0.005 அங்குலம், மேல்முனையில் 0.008 அங்குலம். பட்டறைப் பேச்சில் 5 தௌ, 8 தௌ, ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. டிரம் முகத்தில் ஜன்னல் வெட்டியிருந்தால் அதன் வழியாகக் கேஜை விட்டு, டிரம்மைச் சுற்றி ஒவ்வொரு முனைக்கும் கொண்டுவந்து அளந்து, ஆங்கரும் கேமும் திருப்பிச் சரிசெய்யலாம். இது நேர்த்தியான வழி, சந்தேகமே இல்லை. சிக்கல் என்னவென்றால் எல்லா டிரம்மிலும் ஜன்னல் இருக்காது, புதிதாகக் கடையில் கிடைப்பவற்றில் பல மூடிய முகம்தான். ஓடுகிற டிரம்மில் நாமே ஓட்டை போடுவதை நான் செய்ய மாட்டேன். பலர் கையாளும் தந்திரம் வேறு: ஒதுக்கிப் போட்ட பழைய டிரம் ஒன்றில் பெரிய ஜன்னலாகவே வெட்டி, அதை அளவுக்கு மட்டும் மாட்டி, ஷூவை நிறுத்திவிட்டு, பிறகு நல்ல டிரம்மைப் போடுவது. நல்ல யோசனைதான், ஆனால் இரண்டு டிரம்மின் உள்விட்டமும் ஒன்றாக இருக்க வேண்டும். லேத்தில் கடைந்து பெரிதாக்கிய டிரம்முக்கு, கடையாத டிரம்மை வைத்து அளவெடுத்தால் எல்லா இடைவெளியும் கூடிப்போகும். 5 தௌ என்பது எட்டில் ஒரு மில்லிமீட்டர்தான், கடைசல் ஒரு தடவை எடுப்பதே அதைவிட அதிகம்.

நான்காவது, ஹப்பைக் கழற்றுவது. எம்பியில் டிரம்மும் ஹப்பும் வீல் ஸ்டடுகளால் அடித்துச் சேர்க்கப்பட்டவை, டிரம் மட்டும் தனியாக வராது. முகப்பு ஃபிளாஞ்சைக் கழற்றி, பெரிய லாக் நட்டை விடுவித்து, பேரிங்கோடு மொத்தமாக இழுக்க வேண்டும். பிறகு ஸ்பிண்டிலில் ஒரு பழைய பேரிங்கையோ அதே உள்விட்டமுள்ள புஷ்ஷையோ மாட்டி, அதிலிருந்து ஒரு கை நீட்டி, கையின் நுனியில் நகர்த்தக்கூடிய ஒரு போல்ட். டிரம்மின் உள் ஆரத்தை அளந்து, அதிலிருந்து தேவையான இடைவெளியைக் கழித்து, போல்ட் நுனியை அந்தத் தூரத்தில் பூட்டி, ஷூவைச் சுற்றி ஒரு வட்டம் அடித்தால் எந்த முனை உள்ளே எந்த முனை வெளியே என்று கண் முன்னால் தெரிந்துவிடும். வெல்டிங் தெரிந்தவர் வீட்டு இரும்புக் குப்பையிலேயே செய்துகொள்ளலாம். நேரம் அதிகம், கிரீஸ் கை முழுக்க, ஆயில் சீல் புதிதாகப் போட வேண்டியிருக்கும், திரும்பப் பூட்டும்போது பேரிங்கை இறுக்கி ஆறில் ஒரு சுற்று அளவு பின்வாங்கி நிறுத்த வேண்டும். ஆனால் இதில் மட்டும்தான் நீங்கள் லைனிங்கைக் கண்ணால் பார்க்கிறீர்கள். சீல் கசிந்து ஆயில் ஊறிய லைனிங், ஒட்டிக்கொண்ட ஆங்கர் பின், ஒழுகும் வீல் சிலிண்டர், முன்னும் பின்னும் மாற்றி மாட்டிய ஷூ எல்லாம் அப்போதுதான் தெரியவரும். நீளமான லைனிங் உள்ள ஷூ வண்டியின் முன்பக்கம் பார்க்க வேண்டும், குட்டையானது பின்பக்கம். இது தலைகீழாக மாட்டப்பட்டிருப்பதை நிறைய வண்டிகளில் பார்க்கலாம், வெளியிலிருந்து என்ன செட் பண்ணினாலும் அது சரியாகாது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும், நான்கு வழியும் இதில் மாட்டிக்கொள்ளும். டிரம்மின் வளைவும் லைனிங்கின் வளைவும் ஒன்றாக இல்லாவிட்டால் எந்த அளவும் பயன் தராது. கடைந்து பெரிதாக்கிய டிரம்முக்குள் 9 அங்குலத்துக்குத் தேய்த்த புது ஷூவைப் போட்டால் லைனிங் நடுவில் மட்டும் பிடிக்கும், முனைகள் காற்றில் நிற்கும். டிரம் உள்பக்கம் சாக்பீஸ் பூசி, மாட்டி, லேசாகப் பெடல் அழுத்திச் சுற்றிவிட்டுக் கழற்றிப் பாருங்கள், வெள்ளை எங்கே ஒட்டியிருக்கிறதோ அங்கேதான் பிடி. முழு நீளமும் வராவிட்டால் லைனிங் ஒட்டித்தரும் கடையில் டிரம்மையும் கொடுத்து அதன் அளவுக்கே ஷூவைத் தேய்த்து வாங்க வேண்டும். இந்தியாவில் மஹிந்திரா 1940களின் இறுதியிலிருந்து விலீஸ் ஜீப்பைப் பூட்டி விற்றதால் இந்த வேலை தெரிந்த பழைய லைனிங் கடைகள் நம் ஊர்ப் பக்கம் இன்னும் கிடைக்கின்றன. அமெரிக்காவில் இருப்பவர்கள் ஷூவைத் தேய்த்துத் தரும் ஆளைத் தேடி அலைய வேண்டியிருக்கிறது.

இந்தச் சள்ளையெல்லாம் வேண்டாம், 1970களின் சிஜே என்ற சிவிலியன் ஜீப்பில் வந்த 11 அங்குல டிரம்மையோ டிஸ்க்கையோ மாட்டிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. நெடுஞ்சாலையில் தினமும் ஓட்டுகிறவர் என்றால் கண்டிப்பாகச் செய்யுங்கள், கூடவே இரட்டை மாஸ்டர் சிலிண்டரும் போடுங்கள், ஏனென்றால் எம்பியில் ஒரே சர்க்யூட், ஒரு ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரமும் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை மட்டும் மணிக்கு 60 கிலோமீட்டருக்குள் ஓட்டுகிற வண்டிக்கு 9 அங்குலமே நன்றாக நிற்கும், செட்டிங் சரியாக இருந்தால். பிரேக் ஆயில் விஷயத்தில் மாதக்கணக்கில் நிற்கிற வண்டிக்கு டாட் 5 சிலிக்கான் நல்லது, ஈரத்தை இழுக்காது, பெயின்ட்டைத் தின்னாது. ஆனால் பழைய டாட் 3, டாட் 4 ஆயிலோடு அது கலக்காது, லைன் முழுக்கச் சுத்தம் செய்யாமல் மேலே ஊற்றக் கூடாது.

எதைச் செய்தாலும் முடித்த பிறகு காலி ரோட்டில் மெதுவாகப் போய்ப் பல தடவை நிறுத்திப் பாருங்கள். பிறகு பிரேக்கே தொடாமல் நாலைந்து கிலோமீட்டர் ஓட்டி நிறுத்தி, நான்கு டிரம்மிலும் கை வைத்துப் பாருங்கள், முதலில் புறங்கையைப் பக்கத்தில் கொண்டுபோய். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் அந்தச் சக்கரத்தின் கேமை ஒரு மயிரிழை பின்வாங்குங்கள், ஆங்கரைத் தொடாதீர்கள்.