ஆட்கள் தேவை போர்டை கழற்றவே கழற்றாத ஒரு ஓட்டல்

வேலூரில் சிஎம்சி ஆஸ்பத்திரியைச் சுற்றி இருக்கிற ஓட்டல்களில் ஒன்றைப் பற்றி எழுதுகிறேன். பெயர் போடவில்லை. சாப்பாட்டைப் பற்றியும் அதிகம் சொல்லப் போவதில்லை: காலைப் பொங்கல் நன்றாக இருக்கும், சாம்பார் சுமார், வங்காளத்திலிருந்து வைத்தியத்துக்கு வருகிறவர்களுக்காக மதியம் மீன் குழம்பும் சோறும் உண்டு, கூட்டத்துக்குக் குறைவே கிடையாது. அது சாப்பிடப் போகிறவர்களுக்கு. இந்த விமர்சனம் அங்கே வேலை கேட்டுப் போகிறவர்களுக்கு.

வாசலில் ஒரு போர்டு தொங்கும். ஆண், பெண் ஆட்கள் தேவை, அனுபவம் தேவையில்லை, சாப்பாடு இலவசம். அதில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். பில்லிங்குக்கு ஆள் வேண்டும், பயோடேட்டாவோடு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு வாங்க, நேரில் பேசிக்கலாம் என்றார்கள். நான் பி.காம் முடித்து டேலியும் படித்திருக்கிறேன், காட்பாடியில் வீடு, ஒரே பஸ்ஸில் போய்விடலாம் என்பதால் அம்மாவுக்கும் சம்மதம். சூப்பர்வைசர் பயோடேட்டாவை வாங்கினார், பிரித்துக்கூடப் பார்க்காமல் கல்லா மேசைக்குள் போட்டார். "இன்னிக்கே ஒரு நாள் ட்ரையல் பாத்துடலாம்மா, செஞ்சு காட்டு" என்றார். போனில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சம்பளம் எவ்வளவு சார் என்று கேட்டேன். முதலில் வேலையைப் பார்க்கலாம், அப்புறம் பேசலாம் என்றார்.

பில்லிங் என்று கூப்பிட்டுவிட்டு நிற்க வைத்தது பார்சல் கவுண்டரில். ஆவி பறக்கிற சாம்பாரைக் கரண்டியால் சின்னக் கவரில் ஊற்றி, உள்ளே கொஞ்சம் காற்று நிற்கிற மாதிரி வாயை முறுக்கி, ரப்பர் பேண்டை இரண்டு சுற்றுச் சுற்றி மாட்ட வேண்டும். காற்று இல்லாவிட்டால் கவர் தொய்ந்து பைக்குள் ஒழுகிவிடும், காற்று அதிகமானால் ரப்பர் தெறிக்கும். கட்டை விரலிலும் ஆள்காட்டி விரலிலும் சூடு ஏறிக்கொண்டே இருக்கும், கையை உதறக்கூட நேரம் கிடையாது, எதிரே டெலிவரி பையன்கள் போனை நீட்டிக்கொண்டு நிற்கிறார்கள், பாவம் அவர்களுக்கும் நேரக் கணக்கு. உட்கார ஒரு ஸ்டூல்கூட இல்லை. மதியச் சாப்பாடு மூன்றரை மணிக்குக் கிடைத்தது, அதையும் நின்றபடியே சாப்பிட்டேன். பில்லிங் மிஷினை அன்றைக்கு ஒரு தடவைகூடத் தொட விடவில்லை என்பதைக் கவனியுங்கள், எந்த வேலைக்கு ட்ரையல் என்றார்களோ அந்த வேலையை அவர்கள் சோதிக்கவே இல்லை.

இரவு ஒன்பதரைக்கு, "சரிம்மா, கெளம்பு, போன் பண்றோம்" என்றார் சூப்பர்வைசர். இன்றைய கூலி என்று கேட்டேன். "ட்ரையலுக்கு எந்த ஊர்லம்மா சம்பளம் தராங்க? சாப்பாடு போட்டோமில்ல?" போன் வரவே இல்லை. நானே கூப்பிட்டபோது, ஆள் எடுத்தாச்சும்மா என்றார்கள். போர்டு மட்டும் அப்படியே தொங்குகிறது.

அங்கே பாத்திரம் கழுவுகிற அக்கா மதியமே என்னிடம் சொன்னார்: "ஞாயித்துக்கெழமன்னா, முகூர்த்த நாளுன்னா ரெண்டு பேரு புதுசா வருவாங்க கண்ணு. அடுத்த வாரம் வேற ரெண்டு பேரு." அப்போது சரியாக உறைக்கவில்லை. அப்புறம் என்னோடு படித்த, அணைக்கட்டு என்ற ஊர்ப் பெண்ணிடம் பேசியபோது அவளுக்கும் இதே ஓட்டல், இதே மாதிரி ஒரு ஞாயிற்றுக்கிழமை, இதே பார்சல் கவுண்டர். எங்கள் இரண்டு பேரையும் கூட்டம் அலைமோதுகிற நாளாகப் பார்த்துத்தான் வரச் சொல்லியிருக்கிறார்கள். இது ஆள் தேர்வு இல்லை, கூட்ட நாளுக்குக் கூலி கொடுக்காமல் ஆள் பிடிக்கிற வழி. எனக்கு ஆத்திரமே இதில்தான், வேலை கிடைக்காததில் இல்லை.

ஒருவருக்குப் பில் போட வருமா என்று பார்க்க எவ்வளவு நேரம் ஆகும்? சத்துவாச்சாரியில் ஒரு பேக்கரியில் கேட்டுப் போனபோது அந்த அண்ணன் ஐந்தாறு பொருளைச் சொல்லிப் பில் போடச் சொன்னார், ஐந்நூறு ரூபாய் நோட்டுக்கு மீதி எவ்வளவு என்று கேட்டார், அரை மணி நேரத்தில் முடிந்தது, டீ கொடுத்து, ராத்திரி பத்து மணி வரை இருக்க முடியுமாம்மா என்றும் கேட்டார். முடியாது என்றேன், அதனால் அந்த வேலை அமையவில்லை, ஆனாலும் மரியாதையாகத் திரும்பி வந்தேன். பஜார் பக்கம் ஒரு ஜவுளிக் கடையிலோ பத்தாம் வகுப்பு மார்க் ஷீட் ஒரிஜினலைக் கொடுத்து வைக்கச் சொன்னார்கள், யூனிபாரத்துக்கு முன்பணமும் கட்டணுமாம். ஒரிஜினலை யாரிடமும் கொடுக்காதீர்கள். ஜெராக்ஸ் கொடுங்கள், ஒரிஜினலைக் காட்டிவிட்டுக் கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள், அது மாட்டிக்கொண்டால் சம்பளம் வராவிட்டாலும் வேலையை விட்டுவிட்டு வர முடியாது.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தேடிப் படித்தேன். குறைந்தபட்ச ஊதியச் சட்டம் 1948-லேயே வந்துவிட்டது. ஓட்டல்களுக்கென்றே தமிழ்நாட்டில் 1958-ல் தனிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். ஓட்டல் தொழிலாளிக்குக் குறைந்தது எவ்வளவு கொடுக்க வேண்டும் என்று மாநில அரசு நிர்ணயித்து அறிவிக்கிறது. டெல்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்கான கட்டுமானங்களில் வேலை செய்த தொழிலாளர்கள் சம்பந்தப்பட்ட வழக்கில் 1982-ல் உச்ச நீதிமன்றம், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே கொடுத்து வேலை வாங்குவது அரசியல் சட்டத்தின் 23-வது பிரிவு தடை செய்கிற கட்டாய உழைப்புதான் என்று சொல்லியிருக்கிறது. குறைத்துக் கொடுத்தாலே அப்படியென்றால், ஒரு ரூபாய்கூடக் கொடுக்காமல் காலையிலிருந்து இரவு வரை சாம்பார் கட்ட வைத்ததற்கு என்ன பெயர்? ஒரு வேளைச் சாப்பாடு போட்டால் கூலி தீர்ந்துவிடுமா?

எங்கள் பக்கத்துப் பெண்கள் எத்தனையோ பேர் விடிவதற்கு முன்னாலேயே கம்பெனி வேன் ஏறி ராணிப்பேட்டை, ஆம்பூர் தோல், ஷூ கம்பெனிகளுக்குப் போகிறார்கள். அங்கே கஷ்டம் இல்லை என்று சொல்ல மாட்டேன், ஆனால் செய்த நாளுக்குக் கூலி உண்டு என்று நம்பிப் போகிறார்கள். டிகிரி படித்துவிட்டு டவுனில் நிழலில் வேலை வேண்டும் என்று தேடுகிற பிள்ளைகளைத்தான் இந்த ட்ரையல் சுலபமாகப் பிடிக்கிறது, ஏனென்றால் வேலை கிடைத்துவிடும் என்ற ஆசையில் கூலியைப் பற்றி வாயைத் திறக்கவே பயமாக இருக்கும்.

அதனால் போனிலேயே கேட்டுவிடுங்கள்: ட்ரையல் உண்டா, எத்தனை மணி நேரம், அதற்குக் கூலி எவ்வளவு. பதிலை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். மழுப்பினால் பஸ் காசாவது மிச்சம்.

இந்த ஓட்டலுக்கு நான் தருவது ஒரு ஸ்டார், அதுவும் அந்தப் பாத்திரம் கழுவுகிற அக்காவுக்காக. திங்கள்கிழமை சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸில் நடக்கும் குறைதீர் கூட்டத்தில் ஓட்டல் பெயர், முகவரி, நான் வேலை செய்த தேதி, நேரம் எல்லாம் எழுதி மனு கொடுத்திருக்கிறேன். அதே பார்சல் கவுண்டரில் ட்ரையல் என்று நின்றுவிட்டு வந்தவர்கள் வேலூரில் இன்னும் பல பேர் இருப்பீர்கள், நீங்களும் உங்கள் தேதியை எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். என் ஒருத்தியின் மனு என்றால் ஏதோ ஒரு பெண்ணின் கோபம் என்று ஓரமாக வைத்துவிடுவார்கள், வெவ்வேறு ஞாயிற்றுக்கிழமைகளின் தேதியோடு நாலைந்து மனு சேர்ந்தால் அப்படித் தள்ள முடியாது.