மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் தண்ணீர் வடிகட்டி வாங்கப் போகிறவர்களுக்கு

வாசலுக்கு வந்து தண்ணீர் வடிகட்டி விற்பவரிடம் கையெழுத்துப் போடுமுன், பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் சின்னக் கடைக்கு ஒருமுறை போய் வாருங்கள். கடைக்கார அண்ணன் ராணுவப் பொறியாளர் படையில் இருந்து ஓய்வு பெற்றவர்.

எங்கள் லயத்துக்கு வந்த ஒருவர் இரண்டு கம்பி உள்ள கருவியைக் குழாய்த் தண்ணீரில் விட, தண்ணீர் செங்காவி நிறமாகி அம்மா பயந்தே போனார். அண்ணன் அதையே செய்து காட்டி விளக்கினார்: மின்சாரம் பாய்ந்து இரும்புக் கம்பிதான் கரைகிறது, அந்த நிறம் துரு. அவர்கள் விற்கும் ஆர்ஓ வடிகட்டி, அழுத்தம் கொடுத்து நுண்ணிய சவ்வு வழியே தண்ணீரைத் தள்ளுவது; அந்தத் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு, மின்சாரம் சரியாகப் பாயாது, அதனால் நிறம் மாறுவதில்லை. இதைக் காட்டி வயதானவர்களிடம் ஆயிரக்கணக்கான வெள்ளி (ரிங்கிட்) வாங்குவது அநியாயம்.

அண்ணன் முதலில் கேட்பது தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதைத்தான். ஆர்ஓ எங்கே தேவை என்பதற்கு ஓர் உதாரணமும் சொன்னார். 1998-இல் மிட்ச் சூறாவளி ஹோண்டுராஸைப் புரட்டிப் போட்டபோதும் 2013-இல் ஹையான் புயலுக்குப் பிறகு பிலிப்பைன்ஸிலும் கனடா ராணுவத்தின் பேரிடர் உதவிக் குழு போய் இறங்கியது, சுனாமிக்குப் பின் இலங்கையின் அம்பாறைக்கும் போனது, அவர்களின் பொறியாளர்கள் குடிநீர் எடுத்தது ஆர்ஓ இயந்திரத்தில்தான். ஆற்று நீரை இழுத்து, முதலில் சேற்றையும் மணலையும் பிரித்து, அப்புறம்தான் அழுத்தம் கொடுத்துச் சவ்வு வழியே தள்ளுவார்கள், இல்லையென்றால் சவ்வு அடைத்துக்கொள்ளும். கடைசியில் குளோரின், ஏனென்றால் எவ்வளவு சுத்தமான தண்ணீரும் அழுக்கு வாளியில் பிடித்தால் கெட்டுவிடும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, உங்கள் குழாய்த் தண்ணீருக்கு ஆர்ஓ வேண்டாம், பாதிக்கு மேல் வீணாக வெளியே ஓடும் என்று விலை குறைந்த பஞ்சு, கார்பன் வடிகட்டியைத்தான் கொடுத்தார். எனக்கு அந்த நேர்மைதான் பிடித்தது. மாட்ட வந்தபோதும் மேல்தொட்டியைக் கழுவ வைத்துவிட்டுத்தான் ஸ்பேனரைக் கையில் எடுத்தார். அடுத்த முறை வந்து கழற்றியபோது வெள்ளைப் பஞ்சு காப்பித்தூள் நிறத்தில் வழவழவென்று வெளியே வந்தது. கார்பன் குளோரினையும் எடுத்துவிடும், அதனால் பிடித்த தண்ணீரை நாள்கணக்கில் வைக்கக் கூடாது என்று அம்மாவிடம் பொறுமையாகச் சொன்னார்.

குறை என்றால், அவர் ஒரே ஆள், போன் எடுக்க மாட்டார், மழைக்காலத்தில் கூப்பிட்டால் வர நாளாகும். மாற்றுப் பஞ்சைக் கூடுதலாக வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மாட்டும் விதத்தைக் கேட்டால் சொல்லிக்கொடுப்பார்.