குழித்துறை – திருவனந்தபுரம் ரயில் சீசன் டிக்கெட்: பல வருடம் பயன்படுத்திய பிறகு

வீடு மார்த்தாண்டம் பக்கம், வேலை திருவனந்தபுரத்தில் 'சாலை' என்று பெயருள்ள கடைத்தெருவில். ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறேன். எங்கள் பக்கம் இது சாதாரண விஷயம். குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1-இல் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டாலும், வேலை, ஆஸ்பத்திரி, கல்யாண ஜவுளி எல்லாவற்றுக்கும் பாதிப் பேர் இன்றும் வண்டி ஏறுவது திருவனந்தபுரத்துக்குத்தான். அந்த நாற்பது கிலோமீட்டரைத் தினமும் எப்படிக் குறைந்த செலவில் கடப்பது என்பதுதான் இந்தப் பதிவு. கோவிட்டில் வெட்டிய சம்பளம் எங்கள் கடையில் முழுசாகத் திரும்பி வரவே இல்லை. அரிசி, எண்ணெய், பிள்ளைகள் ஃபீஸ் எதிலும் கை வைக்க முடியாது. கை வைக்க முடிந்தது போக்குவரத்துச் செலவில் மட்டும்தான்.

முதலில் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். ஸ்கூட்டரில் போய் வந்தால் நாளுக்கு எண்பது கிலோமீட்டர். லிட்டருக்கு நாற்பத்தைந்து கிடைத்தால்கூட, ஏறக்குறைய நூற்று எண்பது ரூபாய் பெட்ரோலுக்கே போய்விடும். மாதம் இருபத்தைந்து நாள் வேலை என்றால் நாலாயிரத்து ஐந்நூறு. டயர், ஆயில், முதுகுவலி தனி. பஸ் என்றால் எல்லையில் இருக்கிற களியக்காவிளையிலிருந்து திருவனந்தபுரம் தம்பானூர் பஸ் ஸ்டாண்ட் வரை கேரள அரசு ஆர்டினரி பஸ்ஸில் நாற்பது ரூபாயை ஒட்டி வரும். 2022 மே மாதத்திலிருந்து அங்கே குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாய், இரண்டரை கிலோமீட்டருக்கு மேல் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாய். ஃபாஸ்ட் பாசஞ்சர், சூப்பர் ஃபாஸ்ட் என்றால் இன்னும் கூடும். எப்படிப் பார்த்தாலும் மாதம் இரண்டாயிரம். ரயிலில் இரண்டாம் வகுப்பு மாத சீசன் எனக்கு முந்நூறு ரூபாயைத் தாண்டியதில்லை. தோராயமாகப் பதினைந்து ஒற்றைப் பயணத்துக்கான காசில் மாதம் முழுக்கப் போய்வரலாம் என்பதுதான் சீசனின் அடிப்படைக் கணக்கு. மூன்று மாதத்துக்குச் சேர்த்து எடுத்தால் மூன்று மடங்கைவிடக் குறைவாகவே ஆகும்.

இதைப் படித்துவிட்டு உடனே கவுண்டருக்கு ஓட வேண்டாம். மாதம் முந்நூறு என்பது தண்டவாளத்தின் மேல் ஆகும் செலவு மட்டும். வீட்டிலிருந்து குழித்துறை ஸ்டேஷனுக்கு எனக்கு நேரத்துக்கு நேரடி பஸ் கிடையாது. காலை ஆறு மணிவாக்கில் ஆட்டோக்காரர் அறுபது கேட்பார், மழை என்றால் எண்பது. போக வர அறுபது அறுபது என்று வைத்தாலே மாதம் மூவாயிரம். அதாவது சீசனைப் போல பத்து மடங்கு. டிக்கெட்டில் மிச்சம் பிடித்துவிட்டேன் என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு, அதே காசை ஸ்டேஷன் வாசலில் கொட்டுகிறவர்கள் எங்கள் பெட்டியிலேயே நிறைய. சீசன் லாபமா நஷ்டமா என்பதை முடிவு செய்வது ரயில் கட்டணம் இல்லை, இரண்டு முனையிலும் இருக்கிற அந்த இரண்டு மூன்று கிலோமீட்டர்தான்.

என் பக்கத்து முனையை இப்படிச் சரிசெய்தேன். எங்கள் தெருவிலிருந்தும் பக்கத்துத் தெருவிலிருந்தும் அதே வண்டிக்குப் போகிற இரண்டு பெண்களோடு சேர்ந்து காலையில் ஒரு ஆட்டோ, பங்குக்கு இருபது ரூபாய். ஆட்டோக்காரருக்கும் தினசரி சவாரி உறுதி. யாராவது லீவு என்றால் முந்தின நாள் ராத்திரியே வாட்ஸப்பில் சொல்லிவிட வேண்டும் என்பது மட்டும் சட்டம். சாயங்காலம் அவசரம் இல்லை என்பதால் மெயின் ரோடு வரை நடந்து, டவுன் பஸ். 2021 மே 8-லிருந்து தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. முன்பக்கம் பிங்க் பெயின்ட் அடித்த வண்டி என்றால் தூரத்திலேயே தெரிந்துவிடும். எக்ஸ்பிரஸ் போர்டு போட்ட வண்டியில் ஏறிவிட்டு 'பெண்களுக்கு இலவசம்தானே' என்று கண்டக்டரிடம் வாக்குவாதம் செய்வதில் பிரயோஜனம் இல்லை, அதற்கு இந்தச் சலுகை கிடையாது.

திருவனந்தபுரத்து முனையில் எனக்கு அதிர்ஷ்டம். சென்ட்ரல் ஸ்டேஷனில் எல்லோரும் தம்பானூர் பக்கம் இறங்கி ஆட்டோவுக்கு நிற்பார்கள். சாலைக்குப் போகிறவர்கள் பின்பக்கம் பவர் ஹவுஸ் ரோடு வாசல் வழியாக வெளியே வந்தால் நடக்கிற தூரம்தான். செருப்பு நல்லதாக இருந்தால் போதும். இதே வேலை மெடிக்கல் காலேஜ் பக்கமோ கழக்கூட்டத்திலோ இருந்திருந்தால் என் கணக்கு வேறு மாதிரி ஆகியிருக்கும். அங்கே போகிற தோழிகள் ஸ்டேஷனுக்கு வெளியே இன்னொரு பஸ் பிடிக்கிறார்கள், இருபக்கமும் சேர்த்தால் அவர்களுக்கு மாதம் நன்றாகவே ஆகிறது.

அப்புறம் சீசனுக்கு என்று சில கண்டிஷன்கள் உண்டு. புதிதாக எடுக்கிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். போன ஓணத்துக்கு முன்பு, நர்சிங் படிக்கிற ஒரு பிள்ளை பிளாட்பாரத்தில் ரிசர்வேஷன் பெட்டி வாசலில் கால் வைத்துக்கொண்டு கேட்டாள்.

"அக்கா, சீசன் இருக்குல்லா, இதுல ஏறினா என்ன? உள்ள சீட் எல்லாம் காலியாத்தான் கெடக்கு."

"இறங்கு மக்களே. அதுல டிடிஆர் வந்தா சீசன் இல்லாத மாதிரிதான் எழுதுவாரு. ஃபைன் இருநூத்தி ஐம்பதும் டிக்கெட் காசும் போயிரும்."

ஒரு மாதச் சீசன் காசு அப்படியே ஒரு காலையில் போய்விடும். ரிசர்வேஷன் இல்லை என்று ரயில்வேயே அறிவித்த பெட்டியாக இருந்தால் வேறு விஷயம். மற்றபடி சீசன்காரர்களுக்கு ஜெனரல் பெட்டியும் பெண்கள் பெட்டியும்தான். எக்ஸ்பிரஸ் வண்டியின் ஜெனரல் பெட்டியில் போகலாம், சாயங்காலம் பரசுராம் பிடிக்கிறவர்கள் அப்படித்தான் போகிறார்கள். சூப்பர் ஃபாஸ்ட் என்றால் அதற்குத் தனியாகக் கூடுதல் கட்டணம் கட்டியிருக்க வேண்டும். எனக்குத் தேவைப்படவில்லை, கட்டவில்லை.

சீசனை போனிலேயே எடுத்துவிடலாம். முன்பு ரயில்வேயின் யுடிஎஸ் செயலி, 2025 ஜூலையில் அதன் புதிய செயலி ரயில்ஒன் வந்தது. முடிவதற்குப் பத்து நாள் முன்பே புதுப்பிக்கலாம் என்பதால் மாதக் கடைசி வரிசை மிச்சம். யுடிஎஸ் இருந்தபோது அதன் ஆர்-வாலட்டில், அதாவது செயலிக்குள் இருக்கிற பணப்பையில், பணம் போட்டால் 3 சதவீதம் கூடுதலாக ஏறியது. சின்னக் காசுதான், ஆனால் நான் விட்டதில்லை. ஒரே ஒரு குறை, போனில் சார்ஜ் இல்லாமல் போனால் டிக்கெட் இல்லாத மாதிரிதான். அதனால் பழைய போன் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்வது கவுண்டரில் காகித சீசனே. அடையாள அட்டையைக் கூடவே வைத்திருங்கள், சீசனில் இருக்கிற எண்ணும் கையில் இருக்கிற அட்டையும் ஒன்றாக இருக்க வேண்டும். போகாத நாளுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது.

கடைசியாகச் சொன்ன விஷயத்தில்தான் நான் கொஞ்சம் யோசித்து விளையாடுவேன். சீசன் தேதிக்குத் தேதி ஓடுகிறது, ஒன்றாம் தேதி என்று கட்டாயம் இல்லை. ஓணம் சமயம் சாலையில் வியாபாரம் அனல் பறக்கும், ஓணம் முடிந்ததும் கடை சில நாள் மூடியிருக்கும். ஆற்றுக்கால் பொங்கல் அன்று நகரத்துக்குள் கால் வைக்க இடம் இருக்காது, அன்றும் வேலை இல்லை. இந்த மாதிரி இடைவெளி வரும்போது சீசன் முடிந்தால் உடனே புதுப்பிக்காமல் விட்டுவிடுவேன். நடுவில் ஓரிரு நாள் போக வேண்டியிருந்தால் பாசஞ்சருக்கு ஒற்றை டிக்கெட். குறைந்தபட்சம் 10 ரூபாய் என்ற பழைய கட்டணம் 2024 பிப்ரவரியில் திரும்பி வந்தது. அதற்கு முன் கோவிட் முடிந்து வண்டி விட்டபோது பாசஞ்சரையே எக்ஸ்பிரஸ் என்று பெயர் மாற்றி 30 ரூபாய் வாங்கினார்கள், அந்த நாட்களில் தினம் டிக்கெட் எடுத்து வேலைக்குப் போனவர்கள் பாடு திண்டாட்டம்தான். மூன்று மாதச் சீசன் லாபம் என்று சொன்னேன் இல்லையா, அது விடுமுறை அதிகம் வராத ஜூன் ஜூலை மாதிரி மாதங்களுக்குப் பொருந்தும். வேலையே அடுத்த மாதம் இருக்குமோ இருக்காதோ என்கிற நிலையில் இருப்பவர்கள் மாதா மாதம் எடுப்பதே நல்லது.

நேரத்தைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. இந்தப் பாதையே 1979-இல்தான் வந்தது, அதற்கு முன் எங்கள் அம்மா தலைமுறைக்கு எல்லாமே பஸ்தான். இன்னும் முழுவதும் இரட்டைப் பாதை ஆகவில்லை. ஒற்றைப் பாதையில் எதிரே வண்டி வந்தால் ஒன்று ஒதுங்கி நிற்க வேண்டும், பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ கிராசிங் விழுந்தால் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஒன்பது மணிக்கு விரல் ரேகை வைக்கிற ஆபீஸ் என்றால் ஒரு வண்டி முன்னதாகப் போவது தவிர வழியில்லை. எங்கள் முதலாளி பத்து நிமிடத்துக்கு முகம் சுளிப்பார், சம்பளத்தில் பிடிக்க மாட்டார், அந்த வகையில் தப்பித்தேன்.

கூட்டம் இருக்கும். காலை வண்டியில் பெண்கள் பெட்டியில் உட்கார இடம் கிடைப்பது நாகர்கோவில், இரணியலில் ஏறுகிறவர்களுக்குத்தான். குழித்துறையில் ஏறும் நாங்கள் நிற்போம். தோவாளைப் பூக்கூடை ஏற்றியிருந்தால் பெட்டி முழுக்கப் பிச்சிப்பூ வாசம், கால் வைக்க மட்டும் இடம் இருக்காது. நைட் டூட்டி முடித்த நர்ஸ் ஒருவர் இதே வண்டியில் கம்பியைப் பிடித்தபடி நின்றுகொண்டே தூங்குவதைப் பார்த்திருக்கிறேன். பஸ்ஸில் உட்கார்ந்து போகலாம் என்பது உண்மை. ஆனால் பாலராமபுரம் ஜங்ஷனில் காலை நேரத்தில் பஸ் நிற்பதைப் பார்த்தவர்கள் உட்கார்ந்து போவதைப் பெரிய சுகமாகச் சொல்ல மாட்டார்கள்.

வண்டி தவறிய நாளுக்கு என் மாற்று வழி எல்லையை இரண்டாகப் பிரிப்பது. மார்த்தாண்டத்திலிருந்து களியக்காவிளை வரை இலவச டவுன் பஸ், இறங்கி எல்லை தாண்டிக் கேரள ஆர்டினரி. நேரடி பஸ்ஸில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே போவதைவிட அலைச்சல், ஆனால் தமிழ்நாட்டுப் பக்கத்துச் செலவு பூஜ்யம். ஆண்களுக்கு இந்த வழியில் பெரிய லாபம் இல்லை என்று வீட்டுக்காரர் ஒவ்வொரு முறையும் சொல்லிக் காட்டுவார். அவருக்கு எல்லை வேறு விதத்தில் உதவுகிறது. கேரளத்தில் 2023 ஏப்ரலிலிருந்து பெட்ரோலுக்கு லிட்டருக்கு 2 ரூபாய் செஸ் வேறு சேர்ந்ததால் விலை வித்தியாசம் நன்றாகவே இருக்கிறது. பாறசாலைக்காரர்களே களியக்காவிளை தாண்டி வந்து டேங்க் நிரப்பிப் போகிறார்கள். அந்தப் பக்கம் வேலைக்குப் போகிற நம் ஆட்கள் பெட்ரோல் இங்கேயே போட்டுக்கொண்டு போவது அறிவு. அதற்காகவே பத்து கிலோமீட்டர் ஓட்டி வருவது அறிவு இல்லை, மிச்சம் பிடித்தது வழியிலேயே எரிந்துவிடும்.

தொலைதூரப் பயணத்தில் இவ்வளவு மிச்சம் பிடிக்க முடியவில்லை. அம்மாவைச் சென்னைக்குக் கூட்டிப் போகும்போது முன்பு மூத்த குடிமக்கள் சலுகையில் பெண்களுக்குப் பாதிக் கட்டணம் கழியும். 2020 மார்ச்சில் நிறுத்தியது இன்னும் திரும்பவில்லை. முன்பதிவும் 2024 நவம்பரிலிருந்து 120 நாளுக்குப் பதில் 60 நாள்தான். அதனால் பொங்கலுக்கு எப்போது தேதி திறக்கும் என்று காலண்டரில் குறித்து வைத்து அன்று காலையிலேயே போட்டுவிடுகிறேன். தவறவிட்டால் ஆம்னி பஸ்ஸில் கேட்கிற விலைக்கு என் ஒரு வருடச் சீசன் வந்துவிடும். அந்தச் சமயம் போகாமல் ஒரு வாரம் தள்ளிப் போவதில் எங்கள் வீட்டில் இப்போது யாருக்கும் வருத்தம் இல்லை.

ராத்திரி எட்டு, ஒன்பது மணிக்கு மேல் வேலை முடிகிறவர்களுக்கு இந்த சீசனை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அதற்குமேல் நமக்குத் தோதான வண்டி குறைவு, குழித்துறையில் இறங்கினால் ஆட்டோவும் குறைவு, இருக்கிற ஒன்றிரண்டு பேரும் ராத்திரி விலைதான் சொல்வார்கள். பகல் வேலையாக இருந்து, ஸ்டேஷனுக்கு நடந்தோ பங்கு ஆட்டோவிலோ போக முடிகிறவர்கள் ஒரு மாதத்துக்கு எடுத்துப் பாருங்கள். இறங்குகிற ஸ்டேஷன் பெயரை மட்டும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். நேமம் இப்போது திருவனந்தபுரம் சவுத், கொச்சுவேளி திருவனந்தபுரம் நார்த். எங்கள் சாலைக்கு வேண்டியது சென்ட்ரல்.