வயதான நாய்க்குக் கீல் வைத்த முட்டி பிரேஸ்: பயன் உண்டு, அளவு சரியாக இருந்தால்

ஷாப்பியிலோ லசாடாவிலோ நாய்க்கான முட்டி பிரேஸ் தேடினால் இரண்டு வகை வரும். ஒன்று வெறும் நியோப்ரீன் உறை. இன்னொன்று வெளிப்பக்கம் உலோகக் கீல் வைத்து, முதுகைச் சுற்றிக் கட்டும் பெல்ட்டோடு வருவது. இங்கே பார்ப்பது இந்த இரண்டாவதை. உறை காலுக்குச் சூடு கொடுக்கும், அதோடு சரி. தசைநார் கிழிந்த முட்டி அதற்குள்ளேயே ஆடிக்கொண்டுதான் இருக்கும்.

பின்கால் நொண்டுகிறது என்றதும் ஆர்டர் போட்டுவிடக் கூடாது. கால்நடை மருத்துவர் ஒரு கையால் தொடை எலும்பைப் பிடித்து, மறு கையால் கீழ்க்கால் எலும்பை முன்னே தள்ளிப் பார்ப்பார். அது வழுக்கி முன்னே வந்தால் முட்டித் தசைநார் போய்விட்டது. நாய் காலை விறைத்துக்கொண்டால் மயக்க ஊசி போட்டுத்தான் பார்க்க முடியும். இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்கும் முதுகுத்தண்டுப் பிரச்சினைக்கும் இந்த பிரேஸ் ஒன்றும் செய்யாது. நடக்கும்போது பின்கால் நகம் தரையில் உரசும் சத்தம் கேட்டால் அது பெரும்பாலும் நரம்பு விஷயம். கோலாலம்பூர்க்காரர்களுக்கு, பக்கத்து கிளினிக்கில் தெளிவு கிடைக்காவிட்டால், செர்டாங்கில் யுபிஎம் பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை இருக்கிறது.

அளவு எடுக்கும்போது நாய் நான்கு காலிலும் நிற்க வேண்டும். படுத்திருக்கும்போது எடுத்தால் தொடைச் சுற்றளவு மாறிவிடும். தொடை மேல்பகுதி, முட்டிக்குச் சற்று மேலே, சற்றுக் கீழே, குதிகால் மூட்டுக்கு மேலே என நான்கு இடத்தில் சுற்றளவும், தொடை மேலிருந்து குதிகால் மூட்டு வரை நீளமும் வேண்டும். நாட்பட நொண்டிய காலில் சதை வற்றியிருக்கும். ஆகவே நல்ல காலை அளந்து அனுப்பாதீர்கள். எஸ், எம், எல் என்று எடையை வைத்து மட்டும் அளவு சொல்லும் விற்பனையாளரை விட்டுவிடலாம். 20 கிலோ கம்போங் நாயின் காலும் 20 கிலோ பீகிள் கலப்பின் காலும் ஒன்றல்ல.

மாட்டுவதில் எல்லாமே கீல் உட்காரும் இடத்தில்தான் இருக்கிறது. முட்டிச்சில்லைக் கட்டைவிரலால் தடவிக் கண்டுபிடியுங்கள். கீலின் நடு அந்த மட்டத்திலேயே, சற்றுப் பின்தள்ளி இருக்க வேண்டும். அரை அங்குலம் கீழே போனாலும், கால் மடங்கும் ஒவ்வொரு முறையும் பிரேஸ் தோலை இழுத்துக்கொண்டு இறங்கும். முட்டிக்குக் கீழுள்ள பட்டையை முதலில், பிறகு மேல் பட்டை, கடைசியில் முதுகு பெல்ட். பட்டைக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும். பாதம் வீங்கினாலோ நடு விரல்கள் இரண்டும் விரிந்து நின்றாலோ இறுக்கம் அதிகம், உடனே கழற்றுங்கள்.

நாயின் தொடை புனல் போல மேலே அகலம், கீழே ஒடுக்கம். அதனால் நழுவுவது இந்தப் பொருளின் பிறவிக் குணம். முதுகு பெல்ட் இல்லாத மாடல் பத்து நிமிடத்தில் குதிகாலுக்கு வந்துவிடும். நழுவுகிறதே என்று பட்டையை இறுக்குவதுதான் புண்ணுக்கு வழி. இறுக்க வேண்டியது முதுகு பெல்ட்டை. வெல்க்ரோவில் முடி அடைத்தாலும் பிடி போய்விடும். பழைய பல்துலக்கி போதும்.

நம் ஊர்ப் புழுக்கம்தான் அடுத்த தொல்லை. நியோப்ரீன் ஈரத்தை வெளியே விடாது. மழையில் நனைந்த பிரேஸோடு நாயை விட்டால் தொடை உட்புறம் சிவந்து, மறுநாள் கசியும். ஒவ்வொரு முறை கழற்றும்போதும் தொடை இடுக்கு, முட்டியின் பின்புறம், குதிகாலுக்கு மேலே உள்ள தசைநாண் ஆகிய மூன்று இடங்களைப் பாருங்கள். அரை மணி நேரத்தில் மறையாத சிவப்பு என்றால் அன்று மீண்டும் மாட்ட வேண்டாம். மிதமான சோப்பில் கையால் அலசி, நிழலில் காற்றாடிக்கு முன் காயப்போடுங்கள். டிரையர் கூடாது.

முதல் நாள் 15 நிமிடம், இரண்டு வேளை. தோல் ஒத்துக்கொண்டால் ஒரு வாரத்தில் சில மணி நேரம்வரை கூட்டலாம். தூங்கும்போது கழற்றிவிட வேண்டும். பிரேஸ் மாட்டிவிட்டோம் என்று நாயை ஓடவிட்டால் எல்லாம் பாழ்: கயிற்றில் கட்டி, சமதரையில், ஐந்து நிமிட நடை, ஒரு நாளைக்கு மூன்று நான்கு முறை, வாரம் தோறும் இரண்டு மூன்று நிமிடம் கூட்டுங்கள். தார் ரோடு சுடும் நேரத்தில் வேண்டாம். வீட்டுக்குள் டைல்ஸ் தரைதான் பெரிய எதிரி. நாய் நடக்கும் பாதையில் யோகா பாயை வெட்டிப் போட்டால் பாதி வழுக்கல் குறையும்.

கிழிந்த தசைநாரை பிரேஸ் ஒட்டவைக்காது. மூட்டைச் சுற்றித் தழும்புத் திசு இறுகும்வரை தாங்கிப் பிடிக்கும். 15 கிலோவுக்குக் கீழுள்ள நாய்க்கு ஓய்வும் எடைக் குறைப்பும் சேர்ந்தால் நல்ல பலன் எதிர்பார்க்கலாம். அதைவிடப் பெரிய நாய்க்கு அறுவைச் சிகிச்சையே முதல் தேர்வு. இதயமோ சிறுநீரகமோ மயக்கமருந்தைத் தாங்காது என்று மருத்துவர் சொன்னால் பிரேஸுக்கு வாருங்கள். நடக்கும்போது முட்டியில் 'டக்' என்று சத்தம் வந்தால் உள்ளே குருத்தெலும்பும் கிழிந்திருக்கலாம், மறுபடி காட்டுங்கள். வலிக்கு வீட்டில் இருக்கும் பனடோலையோ புரூஃபெனையோ கொடுக்கவே கூடாது, நாய்க்கு அவை விஷமாகலாம்.

பிரேஸ் வந்ததும் சுத்தமான, காய்ந்த காலில் மெல்லிய துணி சுற்றி வீட்டுக்குள் மட்டும் போட்டுப் பாருங்கள். முடி ஒட்டிய பொருளை விற்பனையாளர்கள் திருப்பி எடுக்கத் தயங்குவார்கள்; அளவு சரி என்று தெரியும்வரை டேக்கை வெட்டாதீர்கள்.