சுஸ்தால் மரவீட்டு அருங்காட்சியகம்: வழிகாட்டியோடு போய்ப் பாருங்கள்

மகள் மாஸ்கோவில் படிக்கிறாள். அவளைப் பார்க்கப் போனபோது ஒரு நாள் சுஸ்தாலுக்குப் போய் வந்தோம். விளாதிமிர் வரை ரயில், அங்கிருந்து வடக்கே 26 கி.மீ. வேனில். கமென்கா ஆற்றங்கரையில் விவசாயிகளின் மரவீடுகள், காற்றாலைகள், 1756-இல் கட்டிய மரத் தேவாலயம் என்று பல ஊர்களிலிருந்து பெயர்த்து வந்து நிறுத்தியிருக்கிறார்கள். அழகுதான். ஆனால் நான் எழுத வந்தது எங்களுக்கு வழிகாட்டிய அம்மாவைப் பற்றி.

நான் 31 வருடம் நில அளவையில் இருந்தவன். "இந்த வீட்டுக்காரருக்கு நிலம் எங்கே இருந்தது?" என்று மகளை விட்டுக் கேட்டேன். அந்த அம்மா உடனே குனிந்து சுள்ளி பொறுக்கி மண்ணில் கோடு கிழித்துவிட்டார். நிலம் வீட்டுக்குச் சொந்தமில்லை, 'மீர்' என்ற ஊர்ச் சமூகத்துக்குச் சொந்தம். குடும்பத் தலைவர்கள் கூடும் 'ஸ்ஹோத்' கூட்டம்தான் பங்கு போடும். நல்ல மண், மணல், கிட்டத்து வயல், தூரத்து வயல் என்று தனித்தனியாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் எல்லா வீட்டுக்கும் ஒரு கீற்று. யாருக்கு எது என்பது சீட்டுப் போட்டு. என் தொப்பியை வாங்கிச் சுள்ளிகளைப் போட்டு எங்களையே எடுக்கச் சொன்னார். சில வருடம் கழித்து, குடும்பம் பெருகியதையும் குறைந்ததையும் பார்த்து மறுபடி பிரிப்பார்கள். பட்டாவே இல்லாத ஊர்! ஒரே வீட்டு நிலம் பத்திருபது இடத்தில் சிதறிக் கிடந்தால் அளப்பவர் பாடு என்ன என்பது எனக்குத் தெரியும்.

எல்லாம் சமத்துவத்துக்காக என்றுதான் முதலில் நினைத்தேன். அப்புறம் வரிக் கணக்கைச் சொன்னார். ஒரு வீட்டார் வரி கட்டாவிட்டால் அந்தப் பாக்கி ஊர் மொத்தத்தின் தலையில் விழும். வேலை செய்யக் கையுள்ள வீட்டுக்கு நிலம் போய்ச் சேர வேண்டும் என்று ஊர் ஏன் கவனமாக இருந்தது என்பது அப்போதுதான் புரிந்தது. இந்தக் கூட்டுப் பொறுப்பு 1903-இல்தான் நீங்கியதாம்.

குறை ஒன்று உண்டு. நாங்கள் பதிவு செய்த சுற்றுலா நிறுவனம் ஒதுக்கியது இரண்டே மணி நேரம். பண்ணையடிமை முறையை ஒழித்த 1861-க்குப் பிறகு பல ஊர்களைச் சேர்த்து அமைத்த 'வோலஸ்த்', அதில் விவசாயிகளே தேர்ந்தெடுத்த விவசாயி நீதிபதிகள் என்று பேச்சு சூடுபிடித்த நேரத்தில் வேன்காரர் அவசரப்படுத்தினார். அந்த நீதிமன்றம் மிலாறால், அதாவது மெல்லிய குச்சியால், 20 அடி வரை அடிக்கும் தண்டனை விதிக்கலாம் என்பதை வேனுக்கு நடந்துகொண்டே சொன்னார். உட்கார்ந்து கேட்க வேண்டிய விஷயம் அது, வருத்தமாக இருந்தது.

நீங்கள் போனால் பதிவு செய்யும்போதே மூன்று மணி நேரம் கேளுங்கள். ரஷ்ய மொழி தெரிந்தவர் ஒருவர் கூட இருக்கட்டும். வீட்டுச் சாமான்களைப் பார்த்து முடித்ததும், நிலம் பிரித்த கதையைக் கட்டாயம் கேளுங்கள்.